மரபணு உண்டு, வேலை செய்ததா?

2020-ம் வருஷம் மே மாதத்தை அரியலூர், பெரம்பலூர் ஜில்லாவாசிகள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை சுமந்து பிழைத்த நம்மவர்கள் கூட்டங் கூட்டமாக ஊர் திரும்பினார்கள்; அவர்களுடன் கொரோனாவும் வந்து சேர்ந்தது. மே 6-ந் தேதி ஒரே நாளில் அரியலூர் ஜில்லாவில் மட்டும் 188 பேருக்கு நோய் கண்டதாகச் சர்க்கார் அறிக்கை கூறிற்று. அவர்களுடைய மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகளோ திருச்சிக்கும் தஞ்சைக்கும் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. நோய் இங்கே, தீர்ப்பு அங்கே என்ற நிலைமை.

அரியலூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய விஷயந்தான். ஆனால் ஆர்.டி.-பி.சி.ஆர். என்றால் கொரோனா, கொரோனா போனால் அந்தப் பரிசோதனையும் போயிற்று என்று ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். இது தவறான எண்ணம். அதே பரிசோதனைக்கு நமது பருத்திக் காட்டிலும் வேலை இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

உயிர்ப்பொருளின் ஒவ்வோர் அணுவறையிலும் மரபணுக்கள் இருக்கின்றன. எல்லா மரபணுக்களும் எப்போதும் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் மரபணு, ஆர்.என்.ஏ. என்னும் தூதை எழுதி அனுப்புகிறது. தூது மிகுந்தால் வேலை மிகுதி. குறைந்தால் வேலை குறைவு. இத்தூதை டி.என்.ஏ.யாகத் திருப்பி எழுதும் நொதியை 1970-ல் டெமின், பால்டிமோர் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.யை மேலும் மேலும் இரட்டிக்கச் செய்யும் முறையை 1983-ல் காரி முல்லிஸ் வகுத்து, 1993-ல் நோபல் பரிசும் பெற்றார். அம்முறையின் கருத்து 1971-லேயே நம் நாட்டில் பிறந்த ஹர்கோவிந்த் குரானாவின் ஆராய்ச்சிசாலையிலிருந்து வெளிவந்திருந்தது என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் ஒரு பிரதி நூறு கோடிக்கு மேற்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எழும் ஒளியை யந்திரம் அளக்கிறது. இரண்டு மாதிரிகளில் ஒன்று மூன்று சுற்று முந்தி ஒளி காட்டினால், அதில் தூது ஏறக்குறைய எட்டு மடங்கு அதிகம் என்று கணக்கிடலாம். உண்டா, இல்லையா என்பது மட்டுமல்ல. எவ்வளவு என்பதும் தெரிகிறது.

இந்த ‘எவ்வளவு’ என்பதில்தான் பருத்தி விவசாயியின் வாழ்வு அடங்கியிருக்கிறது. 2002-ல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே செய்துகொள்ளும் செடி. ஆனால் அது எக்காலத்திலும் எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் செய்வதில்லை. நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிராந்தி முதலியோர் அந்த நஞ்சையே அளந்து 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இலையில் மிகுதியாகவும், பூவின் சூலகத்திலும் காயின் தோலிலும் குறைவாகவும் அது இருந்தது. விதைத்து 110 நாள் கடந்ததும் பல ரகங்களில் புழுவைக் கொல்லப் போதாத அளவுக்கு இறங்கிவிட்டது. புழு எதைத் தின்னுகிறதோ அங்கேயே காவல் குறைவு!

காய் சொத்தையாகி வெடிக்கும்போது விவசாயி என்ன செய்வார்? விதை விற்றவரிடம் போவார். மரபணு இருக்கிறதென்று சீட்டைக் காட்டுவார்கள். இருக்கலாம். வேலை செய்ததா? செடி வறட்சியில் வாடி நஞ்சைக் குறைத்ததா? அல்லது புழுவே நஞ்சுக்குப் பழகிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு வேறு, பரிகாரமும் வேறு. கோர்ட்டில் பழகியவர்களுக்குத் தெரியும்: சாட்சியமில்லாத பிராது எவ்வளவு நியாயமானதாயினும் தள்ளுபடியாகும்.

இந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தே ஏற்க வேண்டும். தராசுக்குப் படிக்கல் போல, ஏறக்குறைய ஒரே அளவில் வேலை செய்யும் வேறொரு மரபணுவுடன் ஒப்பிட்டே அளக்க வேண்டும். படிக்கல்லே வறட்சியில் மாறினால் நிறுவை பொய். மாதிரி சேர்க்காத வெறுங்குழாயும் ஒளி காட்டினால் கலப்படம் நேர்ந்ததென்று முடிவைத் தள்ள வேண்டும். தூது வேறு, செயல் வேறாதலால், நஞ்சின் அளவையும் தனியே சோதிக்க வேண்டும்.

கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் இருக்க, ஜில்லாவுக்கு ஏன் இந்தச் செலவு என்று சிலர் கேட்கக்கூடும். ஆர்.என்.ஏ. எளிதில் அழியும் பொருள். இலையைப் பறித்தவுடன் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். அல்லது அதற்கென உள்ள கரைசலில் அமிழ்த்த வேண்டும். பஸ்ஸில் பொட்டலமாக அனுப்பினால் போய்ச் சேருவது இலை. சாட்சியம் வழியிலேயே அழிந்திருக்கும்.

பெரம்பலூர் ஜில்லா வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மனுச் செய்யும் எந்த விவசாயிக்கும் அங்கே இச்சோதனை கிடைக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். நோயாளியின் சளியையும் பருத்தி இலையையும் ஒரே மேஜையில் வைக்கச் சொல்லவில்லை, கலப்படம் நேரும். ஆனால் 2020-க்குப் பின் இந்தக் கருவியில் கைதேர்ந்த இளைஞர்களும் பெண்களும் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். முடிவைத் தமிழில் எழுதி, முத்திரையிட்டு விவசாயியின் கையில் கொடுங்கள்.

கொரோனா நாளில் நம் மாதிரிகள் ஜில்லா எல்லையைத் தாண்டிப் போய்க் காத்துக் கிடந்தன. அந்த அனுபவம் ஒரு முறை போதும். விதைக்குக் காசு கொடுப்பவருக்கு, அந்த விதை செய்த வேலையின் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. இரு ஜில்லாக்களின் விவசாய சங்கத்தாரும் சட்டசபை அங்கத்தினர்களும் இதை அடுத்த விதைப்புக்கு முன்னரே கேட்பார்களாக.