சாரக்கட்டு என்னும் பிழையுவமை

செல்களுக்கு வெளியே கொலாஜன், ஹையலுரோனன் முதலிய மூலக்கூறுகளால் அமைந்த பின்னலை, எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸை, வகுப்பறைகள் இன்றும் செல்லைத் தாங்கும் சாரக்கட்டு என்றே அறிமுகப்படுத்துகின்றன. கட்டடம் எழுந்ததும் அவிழ்த்து அகற்றப்படுவது சாரக்கட்டு. இவ்வுவமை பிழையானது, ஆய்வாளரின் கவனத்தைச் செல்லுக்குள்ளேயே அடைத்துவிடுவது.

ஹையலுரோனன் ஒன்றே போதிய சான்று. இரு சர்க்கரைகள் மாறிமாறிக் கோத்த சங்கிலி அது. நீண்டிருக்கும்வரை அழற்சியைத் தணிக்கிறது. காயத்தில் அறுபட்டுத் துண்டானால் அதே பொருள் டிஎல்ஆர்-4 போன்ற ஏற்பிகள் வழியே நோயெதிர்ப்புச் செல்களை உசுப்புகிறது. நீளம் மாற, பொருள் தலைகீழாகிறது. குறில் நெடில் பயின்றோர்க்கு இதில் வியப்பிராது.

நீடித்த அழற்சியில் பின்னல் இறுகுகிறது. அவ்விறுக்கத்தை இன்டெக்ரின்கள் செல்லுக்குள் கடத்துகின்றன. 1997இல் மினா பிஸ்ஸலின் குழுவினர் பீட்டா-1 இன்டெக்ரினைத் தடுத்தபோது, முப்பரிமாண வளர்ப்பிலிருந்த மார்பகப் புற்றுச் செல்கள், மரபணுப் பிழைகள் நீங்காமலே, ஒழுங்கான வடிவுக்குத் திரும்பின.

இந்தியாவுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. பாக்கு மெல்லுவோரிடம் காணும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் நோயில் கன்னத்தின் உட்புறம் கொலாஜன் தடித்து, வாய் திறப்பதே அரிதாகிறது. பாக்கிலுள்ள செம்பு, கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதியை ஊக்குவிக்கிறது. நார் முதலில் இறுகுகிறது. சிலருக்குப் புற்று பின்னர் வருகிறது. கட்டிகளின் மரபணு வரிசையைப் படிக்கும் திட்டங்கள், கட்டி இன்னும் தோன்றாத இவ்வாய்களின் நாரையும் ஆண்டுதோறும் அளந்து தொடர வேண்டும்.