கதவு மூடினாலும் கட்டணம் முழுசா?

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18 மார்ச் 2020ல் தொடங்கியபோது பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. ஆனால் தனியார் பாலர் பள்ளிகளும் கல்லூரிகளும் பல இடங்களில் முழுக் கட்டணம் கேட்டன. ஓவர்டைம் போய், சம்பளமும் குறைந்து, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்த வீடுகளும் கட்டின. கேள்வி கேட்டால் பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்!

'வசதி இல்லாதவன் ஏன் தனியாருக்குப் போகிறான்?' என்பார்கள். மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு. மீதியில் இடம் கிடைக்காத நம் பிள்ளை பிடிபிடிஎன் கடனோடு தனியார் கல்லூரி வாசலில்தான் நிற்கிறது. இதில் ஆடம்பரம் எங்கே?

ஆசிரியர்கள் இயங்கலையில் பாடம் நடத்தினார்கள், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சமைக்காத சாப்பாட்டுக்கும், ஓடாத வேனுக்கும், பூட்டிய ஆய்வுக்கூடத்துக்கும், காலியான விடுதிக்கும் எதற்குப் பணம்?

அக்டோபர் 2020ல் அரசு கோவிட் தற்காலிக நடவடிக்கைச் சட்டம் (சட்டம் 829) கொண்டு வந்தது. தொற்றுக் கட்டுப்பாட்டால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாதவர்களுக்கு அது பாதுகாப்புத் தந்தது. அன்றைய அட்டவணையில் கட்டுமானம் இருந்தது, கடை வாடகை இருந்தது, கல்யாண விருந்து கூட இருந்தது. பள்ளிக் கட்டணம் இல்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் அதிகம் உதவாது. பாடம் திரையில் நடந்துவிட்டால் 'நிறைவேற்றவே முடியவில்லை' என்று வாதிடுவது கடினம்.

ஆகவே வழக்கை விட, கையெழுத்துப் போடும் நாள்தான் முக்கியம். பாடக் கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, விடுதி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கனவே கட்டியவர்கள் வாய்ப்பேச்சை நம்பாமல், பத்துப் பெற்றோர் சேர்ந்து கடிதம் கொடுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, எங்கள் தொழிலுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம்! ஆனால் 3 ஆண்டுக்குள் போக வேண்டும். 2020ன் பணத்துக்கு அந்த வாசல் மூடிவிட்டது.

2019ல் புகைமூட்டமும் பள்ளிகளை மூடியது. இனியும் மூடும். நேரடி வகுப்பு நின்றால் எந்தக் கட்டணம் குறையும் என்பதை ஒவ்வொரு தனியார் பள்ளியும் எழுத்தில் தர வேண்டும் எனக் கல்வி அமைச்சு பதிவு நிபந்தனையாகவே வைக்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை.