ஆற்றைப் பார்க்கும் வீடும் ஆற்றை அறிந்த வீடும்

தாமிரபரணிக் கரையோரம் மனை வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், கட்டவிருக்கும் வீட்டின் வரைபடத்தை என் முன் விரித்தார். ஆற்றை நோக்கிய சுவர் முழுவதும் கண்ணாடி. காலையில் கண் விழித்ததும் ஆறு தெரிய வேண்டும் என்றார். நியாயமான ஆசைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த மனையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டேன். அவர் விசாரித்திருக்கவில்லை. இருவரும் போய்க் கேட்டபோது, அடுத்த வீட்டு மூதாட்டி தம் சன்னலுக்குக் கீழே படிந்திருந்த சேற்றுக்கோட்டைக் காட்டினார். வரைபடத்தின் தரைமட்டம் அதற்கும் கீழே இருந்தது.

இப்பிழைக்குப் புகழ்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற மருத்துவருக்காக மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கண்ணாடி வீடு 1951இல் முடிந்தது. வெள்ளம் வரும் நிலம் என்று அறிந்தே தளத்தை ஐந்தடிக்குச் சற்று மேலே உயர்த்தினார் மீஸ். போதவில்லை. 1954இலேயே வெள்ளம் உள்ளே புகுந்தது. 1996இலும் 2008இலும் மீண்டும் புகுந்தது. நவீனக் கட்டடக்கலையின் சாதனைகளுள் அது ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆறு ஒரு காட்சி. இடம் என்பதோ காட்சி மட்டுமன்று.

இதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவின் கெம்ப்சி அருகே கிளென் மர்கட் 1970களின் நடுவில் மேரி ஷார்ட்டுக்குக் கட்டிய பண்ணைவீட்டைச் சொல்வேன். மரத்தூண்கள் மீது தரையை விட்டு எழுந்து நிற்பது, நெளிதகரக் கூரை, வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பத் திறந்து மூடும் சாய்தகட்டுச் சன்னல்கள். வேண்டுமானால் பிரித்தெடுத்து வேறிடத்தில் பொருத்தலாம். 1980இல் மர்கட் தாமே அவ்வீட்டை வாங்கிக்கொண்டார். தாம் கட்டியதில் தாமே வாழ முன்வருவதைவிடக் கறாரான விமரிசனம் வேறென்ன இருக்க முடியும்?

நம் ஆற்றங்கரை ஊர்களின் பழைய வீடுகளுக்கும் இந்த அறிவு இருந்தது. உயர்ந்த திண்ணை, சரிந்த ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம். ஆற்றை யாரும் வீட்டுக்குள் அழைக்கவில்லை. படித்துறை வழியே அதனிடம் இறங்கிப் போனார்கள். அத்தெருக்களின் சாதி ஒழுங்கு நமக்குத் திரும்ப வேண்டாம். எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்ற கணக்கும் அதனுள் இருந்தது. மீட்க வேண்டியது நீரைப் பற்றிய அறிவை மட்டுமே. இன்றைய கான்கிரீட்டிலும் கண்ணாடியிலும் அதைச் சொல்ல முடியும். அதற்கு முதலில் கரைக்காரர்களிடம் கேட்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கொரு முறை, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு உயரம் என்று.

நண்பர் வரைபடத்தை மாற்றியிருக்கிறார். வீடு தெருப்பக்கம் நகர்ந்து, தூண்களின் மேல் ஏறியிருக்கிறது. கண்ணாடிச் சுவர் ஒரு நீளச் சன்னலாகச் சுருங்கிவிட்டது. கரையோரம் இருந்த மருதமரம் வெட்டப்படாமல் தப்பியது. ஆற்றை அருகிருந்து பார்க்க அவர் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும். அந்த நடையும் வீட்டின் ஒரு பகுதிதான் என்பேன்.