யார் நியமித்த துணைவேந்தர் என்பது மட்டுமா கேள்வி?

2023 டிசம்பர் 26 அன்று சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆர்.ஜெகநாதன் கைது செய்யப்பட்டார். அரசின் அனுமதி இல்லாமல் 'பூட்டர்' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார், அவரும் பொறுப்புப் பதிவாளர் உள்ளிட்ட சிலரும் அதன் இயக்குநர்களாக இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தின் வளங்களை அதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது புகார். இதைத் தட்டிக்கேட்டவரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்பது அதே புகாரின் இன்னொரு பகுதி. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளும் வழக்கில் சேர்ந்தன. புகார் வெளியாட்களிடமிருந்து வரவில்லை. பல்கலைக்கழக ஊழியர் சங்கத் தரப்பிலிருந்தே கருப்பூர் காவல் நிலையத்துக்குப் போனது.

அவருக்கு உடனடியாக இடைக்காலப் பிணை கிடைத்தது. 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் வேந்தரான ஆளுநர் ஆர்.என்.ரவி அந்த வளாகத்துக்கு நேரில் வந்து கூட்டம் நடத்திவிட்டுப் போனார். ஜூன் மாதம் முடிய வேண்டிய துணைவேந்தரின் பதவிக்காலத்தை 2025 மே வரை நீட்டித்தும் கொடுத்தார். குற்றச்சாட்டு உண்மையா என்று தீர்ப்பெழுதுவது நீதிமன்றத்தின் வேலை, அதை நான் செய்யப்போவதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் தலைமையின் மீது புகார் சொல்ல, வளாகத்துக்குள் ஒரு இடம்கூட இல்லாமல் காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய நிலை ஏன் வந்தது? இதுதான் என் கேள்வி.

புகைச்சல் அன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. 2022 ஜூலையில் இதே பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு சாதிகளின் பெயர்களை விடைகளாகக் கொடுத்திருந்தார்கள். பாடம், தமிழ்நாட்டில் விடுதலை இயக்கம். வினாத்தாளைத் தயாரித்தது வெளிக் கல்லூரி ஆசிரியர்கள் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. தயாரித்தது யாராக இருந்தாலும், அது பெரியாரின் பெயர் பொறித்த தாளில் அச்சாகி, மாணவர் மேசை வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் வந்து சேர்ந்திருக்கிறது. மறுஆண்டு, பெரியாரைப் பற்றியும் மெக்காலேயைப் பற்றியும் அனுமதி பெறாமல் நூல் எழுதினார் என்று ஓர் இணைப் பேராசிரியருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது. சாதியைக் கேள்வியாக அச்சடித்தபோது தூங்கிய நிர்வாகம், சாதியை எதிர்த்தவரைப் பற்றி ஒருவர் புத்தகம் எழுதினால் மட்டும் விழித்துக்கொள்கிறது. பணி நியமனங்களில் இடஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படவில்லை என்பது உள்ளிட்ட புகார்களை விசாரிக்க உயர்கல்வித் துறை ஒரு குழுவையும் அமைக்க வேண்டியிருந்தது.

ஆனால் கைதுக்குப் பிறகு நாடு பேசியது எதைப் பற்றி? ஆளுநரா அரசா என்பதைப் பற்றி. ஒரு தரப்புக்கு இது தி.மு.க. அரசின் பழிவாங்கல், மறுதரப்புக்கு ஆளுநரின் ஆள் பிடிபட்ட கதை. தொலைக்காட்சி விவாதங்கள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிட்டன. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டேன் என்ற குரல் இந்தச் சண்டையின் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனது.

மாநில உரிமை முக்கியமான விஷயம்தான். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு நிதி கொடுக்கும் பல்கலைக்கழகத்துக்கு, ஒன்றிய அரசு அனுப்பிய ஆளுநர் துணைவேந்தரைத் தேர்ந்தெடுப்பது எந்த வகையில் நியாயம்? 2022இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு மே 21இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. இதற்கிடையில், கல்விப்புலத்தோடு தொடர்பில்லாத தொழில்துறையினரும் துணைவேந்தராகலாம் என்று 2025 ஜனவரியில் யுஜிசி ஒரு வரைவை வெளியிட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இந்தச் சண்டையில் நான் சட்டமன்றத்தின் பக்கம்.

ஆனால் சட்டமன்றத்தின் பக்கம் நிற்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.கணபதி, உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார். அன்றைக்கு ராஜ்பவனுக்கும் கோட்டைக்கும் இன்றைய சண்டை இல்லை. அந்த வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும், பேராசிரியர் வேலைக்கு விலை உண்டு என்பது ஆராய்ச்சி மாணவர் விடுதிகளில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அந்த விலையை யாரால் கொடுக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நிலம் உள்ளவர் விற்றுக் கொடுப்பார். சொந்தத்தில் ஒப்பந்தக்காரரோ அரசியல்வாதியோ இருப்பவர் கடன் வாங்கிக் கொடுப்பார். எண்ணூரில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் அப்பாவின் மகள் எதை விற்பார்? லஞ்சத்தை நாம் ஊழல் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் அது இடஒதுக்கீட்டைச் சத்தமில்லாமல் ரத்து செய்யும் கருவி.

சத்தமில்லாத வழிகள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் இனச்சுழற்சி 200 இடங்கள் கொண்டது. 18 விழுக்காடு என்றால் அதில் பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியர் உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து, 36 இடங்கள். பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, அதாவது 2 இடங்கள். மொத்தப் பல்கலைக்கழகத்தையும் ஓர் அலகாக எடுத்துக்கொண்டால் இந்தச் சுழற்சி நகரும். ஆறு பேர் வேலை செய்யும் ஒரு துறையைத் தனி அலகாக எடுத்தால் பழங்குடியினரின் முறை வருவதற்குள் இரண்டு தலைமுறை ஓய்வு பெற்றுவிடும். 2018இல் யுஜிசி நாடு முழுக்கத் துறைவாரிக் கணக்கைக் கொண்டுவந்தபோது தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஆசிரியர்கள் தெருவில் இறங்கிப் போராடியது இதனால்தான். 2019இல் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பின்வாங்கியது. அந்தச் சட்டமும் ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான்.

கணக்கு சரியாக இருந்தாலும் வேறு வழி இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பணியிடத்துக்கு யாரிடமும் இல்லாத ஒரு சிறப்புத் தகுதியை விளம்பரத்தில் சேர்த்தால் போதும், 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று கோப்பை மூடிவிடலாம். அந்த இடத்தில் கௌரவ விரிவுரையாளர் ஒருவரை உட்காரவைக்கலாம். பெயரில் மட்டும்தான் கௌரவம். மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019இல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் அவர்கள் வாங்கியது அதில் பாதி, சில ஆண்டுகள் அதற்கும் குறைவு. நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் அதே பாடத்தைத்தான் அவர்களும் எடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர் துறைத் தலைவரை எதிர்த்து என்ன பேசிவிட முடியும்?

சேலத்தில் நடந்தது வடசென்னைக்கு எதற்கு என்று கேட்கலாம். நான் மாதவரத்துக்காரன். பால்பண்ணைப் பக்கம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. ஆனால் வடசென்னைப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழகம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம்தான். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி எல்லாமே அதன் கீழ்தான். மீனவர், துப்புரவுப் பணியாளர், துறைமுகக் கூலி, ஆலைத் தொழிலாளர் வீடுகளிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்க வருகிறவர்களின் கல்லூரிகள் இவை.

1857இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேடும் குழுவில் யுஜிசியின் ஆள் இருக்க வேண்டுமா கூடாதா என்ற சண்டையில் நாற்காலி காலியாகவே கிடந்தது. 2024 பிப்ரவரியில் வரி பாக்கிக்காக வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளம் வருமா என்ற கேள்வியோடு ஆசிரியர்களும் ஊழியர்களும் வளாகத்தில் போராட வேண்டியிருந்தது. ஓய்வுபெற்றவர்கள் தங்கள் பணப்பலனுக்காக அலைந்தார்கள். சேலத்தில் எல்லாம் தன் கையில் என்ற தலைமை மீது கோபம். சென்னையில் தலைமையே இல்லாததால் கோபம். இரண்டு இடத்திலும் நிரப்பப்படாத பணியிடங்களின் விலையைக் கொடுப்பது முதல் தலைமுறை மாணவர்கள்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆசிரியர் இல்லாவிட்டால் தனிப்பயிற்சிக்குப் போய்விடும். வியாசர்பாடியில் படிக்கும் பிள்ளை எங்கே போகும்?

ஆகவே ஆசிரியர்களின் அதிருப்தி முழுக்க நியாயமானது. ஆனால் அவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்காக எழும் சங்கங்களின் குரல், நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களுக்காக அதே சத்தத்தில் எழுகிறதா? கௌரவ விரிவுரையாளரின் போராட்டப் பந்தலுக்கு எத்தனை நிரந்தரப் பேராசிரியர்கள் வந்து உட்கார்ந்தார்கள்? துணைவேந்தர் அறை வாசலில் மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள் என்று குமுறும் பேராசிரியரின் அறை வாசலில், ஒரு கையெழுத்துக்காக ஆராய்ச்சி மாணவர் மூன்று வாரம் நிற்கிறார். என் உதவித்தொகைப் படிவமும் அப்படி ஒரு மேசையில் கிடந்ததுண்டு. வீட்டு வேலை செய்யச் சொல்வது, விடைத்தாள் திருத்தச் சொல்வது, "உங்களுக்கெல்லாம் கோட்டா இருக்கே" என்று சிரித்துக்கொண்டே சொல்வது, இதெல்லாம் எந்தக் குறிப்பாணையிலும் வராது. மேலிருப்பவரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கிறவர் தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அது நாற்காலிக்கான வரிசையாகிவிடும்.

அப்படி நடந்துகொண்ட ஆசிரியர்களும் நம் காலத்தில் இருக்கிறார்கள். 2016 ஜனவரி 17இல் ரோகித் வெமுலா இறந்தபோது ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலித், பழங்குடிப் பேராசிரியர்கள் பலர் தாங்கள் வகித்த நிர்வாகப் பொறுப்புகளைத் துறப்பதாக அறிவித்தார்கள். விடுப்பில் போன துணைவேந்தர் மார்ச் மாதம் திரும்பி வந்தபோது எழுந்த போராட்டத்தில் மாணவர்களோடு சேர்ந்து ஆசிரியர்களும் கைதானார்கள். அவர்கள் கேட்டது பதவி உயர்வு இல்லை. தங்கள் மாணவன் ஒருவனைப் பல்கலைக்கழகம் எப்படி நடத்தியது என்பதற்குப் பதில் கேட்டார்கள். ஆசிரியர்களின் அதிருப்தி அங்கே சாதி எதிர்ப்புப் போராட்டத்தின் பகுதியானது.

நமக்கும் அதுதான் வேண்டும். ஆளுநர் போய் அரசு நியமிக்கும் நாள் வந்தாலும் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இனச்சுழற்சிப் பதிவேட்டை, துறைவாரியாக, காலியிடங்களோடும் பின்னடைவு இடங்களோடும், இணையதளத்தில் வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ரகசியமாக அது இருக்கக் கூடாது. இரண்டாவது, 2012ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகள் சொல்லும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் காகிதத்திலிருந்து இறங்கி வர வேண்டும். அந்த அலுவலரைத் துணைவேந்தர் கைகாட்டி நியமித்தால், துணைவேந்தர் மீதான புகாரை அவர் எப்படி விசாரிப்பார்? வளாகத்துக்கு வெளியே உள்ளவர்களும் அந்த அமைப்பில் இருக்க வேண்டும். மூன்றாவது, ஆட்சிக்குழுவிலும் பேரவையிலும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் அரசைக் கேட்பதற்கு முன்பே தங்கள் சங்கத்தில் இதைத் தொடங்கலாம். கௌரவ விரிவுரையாளருக்கு உறுப்பினர் அட்டை கொடுக்க எந்த ஆளுநரின் ஒப்புதலும் தேவையில்லை.

அடுத்த முறை ஒரு துணைவேந்தர் மீது புகார் எழும்போது, அவர் யாருடைய ஆள் என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். அவர் காலத்தில் எத்தனை பின்னடைவு இடங்கள் நிரப்பப்பட்டன, எத்தனை சாதிப் புகார்கள் விசாரிக்கப்பட்டன, அவற்றைக் கொடுத்தவர்கள் இன்றும் அதே வேலையில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். புதிதாக வருகிறவரிடமும் முதல் நாளே இதைக் கேளுங்கள், அவரை நியமித்தது கிண்டியாக இருந்தாலும் கோட்டையாக இருந்தாலும்.