செவிலியின் கூலிக்கும் வரியா?

நீலமலை, கூடலூர் வட்டத்துச் சீமதுரையில் தாய் கொழுந்து பறிக்கச் சென்றால், அவள் குழந்தையைப் பேணுபவள் யார்? 'ஆயா' என்கின்றோம். அது போர்த்துக்கீசியச் சொல். கழக இலக்கியம் அவளைச் செவிலி என்றது.

செவிலியின் கூலியும் சட்டப்படி வருவாயே. ஆயினும் 2025-26ஆம் ஆண்டின் புதிய வருவாய்வரி முறையில் 4 இலக்க உருவா வரை வரியில்லை. திங்களுக்கு 33,000 உருவா பெறும் செவிலி நம்மூரில் உண்டோ? அஞ்சற்க!

எனினும் அவள் வரி செலுத்தாதவள் அல்லள். 2017 முதல், வாங்கும் எண்ணெயிலும் வழலையிலும் சரக்கு-பணி வரி செலுத்துகின்றாள். வரி தண்டுங்கால் அவளை மறவாத ஆட்சி, நலன் வழங்குங்கால் மறப்பதேன்?

2007இல் தமிழ்நாட்டரசு வீட்டுப்பணியாளர் நலவாரியம் அமைத்தது. தோழர்களே! உங்கள் தெருச் செவிலியை அதில் பதியச் செய்யுங்கள். பெயரை மீட்டோம், உரிமையையும் மீட்போம்!