தாய்ப்பாலுக்கு விடுப்பு உண்டா?

"தாய்மார்களிடம் விழிப்புணர்வு இல்லை." குழந்தை நலம் பேசும் மேடைகளில் தவறாமல் கேட்கும் வாக்கியம் இது. படிக்காதவள், கிராமத்துக்காரி, சேனை தொட்டு வைப்பவள் என்று பழி ஒரே பக்கம் போய்ச் சேர்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் சுமார் 60 விழுக்காடு மட்டுமே. அந்த ஒரு மணி நேரம் யார் பொறுப்பில் இருந்தது? தாயின் பொறுப்பிலா, மருத்துவமனையின் பொறுப்பிலா?

பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் அறிவைப் பயன்படுத்திக்கொண்டு, அவரைத் தீட்டு என்று வாசலில் நிறுத்திய சமூகம் இது. உழைக்கும் பெண்ணின் அறிவை மதிக்காத அந்தப் பழக்கம் இன்று, "இதுகூடத் தெரியாதா?" என்ற அதட்டலில் வாழ்கிறது. அதட்டும் இடத்தில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. பிறந்த குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடல் சில்லிட்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. இவற்றைத் தாய்க்கும் உடனிருக்கும் மாமியாருக்கும் பொறுமையாகச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

சொன்னாலும், கடைப்பிடிக்க முடிய வேண்டுமே! ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 55 விழுக்காடு. கீழவைப்பார், வேப்பலோடை, தருவைக்குளம் எனத் தூத்துக்குடிக் கடலோரத்தில் மீன் கூடை சுமக்கும் பெண்ணும், உப்பளத்தில் நாள்கூலிக்கு உப்பு வாரும் பெண்ணும் வேலைக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். வெயிலில் தகிக்கும் பாத்திக்குக் கைக்குழந்தையை எடுத்துப்போக முடியுமா?

அரசு ஊழியரான தாய்க்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்துடன் விடுப்பு. அது நியாயமான உரிமை. 2017 சட்டத் திருத்தம் தந்த 26 வார விடுப்போ, வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத கூலிப் பெண்ணை எட்டுவதில்லை. அவருக்கு இருப்பது முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய், அதுவும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து. பாலூட்டும் ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். கர்ப்பகாலச் செலவும் இதற்குள்தான்.

எந்தத் தாய் குழந்தையோடு வீட்டில் இருக்கலாம், எவள் பாத்திக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சாதியும் வர்க்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆகவே நம் கோரிக்கை எளிது: ஆறு மாதக் கூலிக்கு ஈடான உதவித்தொகை, உப்பளங்களுக்கு அருகே குழந்தைகள் காப்பகம், கேள்வி கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லும் மருத்துவமனை. இவற்றைத் தராமல் விழிப்புணர்வுப் பதாகை மட்டும் கட்டுபவர்களிடம், பதாகையை எழுதியவருக்கு எத்தனை மாதம் விடுப்பு என்று கேட்போம்.