தாராவித் திட்டத்தில் அரங்கம் எங்கே?

மும்பை மகாலட்சுமி பகுதியில், லட்சுமி மில்ஸ் வளாகத்தின் பழைய கிடங்கு ஒன்று 2015ஆம் ஆண்டு ‘ஜி5ஏ’ என்னும் சமகாலக் கலை மையமாக மாறியது. உயர்ந்த மேடையும் திரைச்சீலையும் இல்லாத, நடிகரும் பார்வையாளரும் நெருங்கியிருக்கும் கறுப்புச் சுவர் அரங்கம் அது. சோதனை நாடகங்கள், வணிகத் திரையரங்குகள் தொடாத திரைப்படங்கள், இலக்கிய நிகழ்வுகள் அங்கே நடைபெறுகின்றன. அங்கு உழைக்கும் கலைஞர்களின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் ஆலைக் கிடங்கு ஏன் காலியாக இருந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

1982 ஜனவரி 18 அன்று மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்தப் போராட்டத்தின் தோல்விக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலத்தில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உடைமையாளருக்கு என்றது 1991ஆம் ஆண்டு விதி. கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே அந்தப் பங்கீடு என்று 2001இல் அது திருத்தப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. சாளிகளிலும் சந்துகளிலும் பாடியும் ஆடியும் வாழ்ந்த ஆலைப்பகுதியின் பண்பாடு, வணிக வளாகங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வழிவிட்டது.

அந்த வரலாறு இன்று மித்தி நதிக்கரையில் வேறு அளவில் திரும்புகிறது. தாராவிக்கு எதிர்க்கரையான பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2023 மார்ச் 31 அன்று நீத்தா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. அதன் பெரிய அரங்கில் 2,000 இருக்கைகள், அடுத்ததில் 250, சிறிய அரங்கில் 125. சிறிய அரங்கில் புதுமைக்கும் இடம் உண்டுதான். எந்தப் புதுமை மேடையேறும், எது ஏறாது என்பதை முடிவுசெய்யும் உரிமை மட்டும் பெருமுதலாளியின் கையில் இருக்கிறது. அங்கே தணிக்கை அதிகாரி தேவைப்படமாட்டார்.

இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் ஒரு தவறான பார்வை நிலவுகிறது. சோதனைக் கலை என்றாலே மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் பார்வை அது. மும்பையின் சொந்த வரலாறே இதற்கு மறுப்பு. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில்தான் ஆலைத் தொழிலாளியான அண்ணாபாவ் சாத்தே கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு வளர்ந்தார். வீரர்களின் புகழ் பாடுவதற்கென்றே இருந்த ‘போவாடா’ வடிவத்தில் அவர் குடியிருப்பின் கொசுத் தொல்லையைப் பாடினார். வடிவத்தைத் தலைகீழாக்கும் துணிச்சல் அது. பின்னர் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். தமாஷாவின் தொடக்கத்தில் வரும் கணபதி வணக்கத்தை நீக்கி, மண்ணுக்கும் தியாகிகளுக்கும் வணக்கம் வைத்தார். தமாஷாவுக்கு அரசு தடை விதித்தபோது, அதுவே ‘லோகநாட்டியம்’ என்ற பெயரில் மக்களிடம் சென்றது. நாடக அறிஞர்கள் இன்று எதைச் சோதனை என்கிறார்களோ, அதை முறையான பள்ளிக் கல்வி பெறாத ஒரு தலித் தொழிலாளி அன்றே செய்துமுடித்தார்.

மராத்தி நடுத்தர வர்க்கத்தின் சோதனை நாடகமும் மாளிகையில் பிறக்கவில்லை. 1971இல் தோன்றிய ‘ஆவிஷ்கார்’ குழு, தாதர் சபில்தாஸ் பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் இயங்கியது. பிறகு மாகிம் மாநகராட்சிப் பள்ளிக்குச் சென்றது. சோதனை என்பதன் பொருளே தோற்பதற்கும் உரிமை உண்டு என்பதுதான். வாடகை குறைவாக இருக்கும்போது, பத்துப் பேர் மட்டுமே பார்த்த நாடகமும் குழுவைக் கடனில் மூழ்கடிக்காது. அடுத்த மாதம் அதே குழு இன்னொன்றை முயன்று பார்க்கும். ஒரு மாலைக்கான கட்டணம் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை எட்டும் இடத்தில், வெல்லும் என்று உறுதியானதை மட்டுமே மேடையேற்ற முடியும். நில மதிப்பு கலையின் வடிவத்தைத் தீர்மானிப்பது இவ்வாறுதான்.

திரைப்படத்துக்கும் இது பொருந்தும். 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் தலித் மக்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து பாடகர் விலாஸ் கோக்ரே உயிரை மாய்த்துக்கொண்டார். அதிலிருந்து தொடங்கி ஆனந்த் பட்வர்த்தன் பதினான்கு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ‘ஜெய் பீம் காம்ரேட்’, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஆவணப்படம். உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் திரை கட்டி அது காட்டப்பட்டது. மக்கள் அமர்ந்து பார்த்தார்கள். எளிய மக்களுக்குக் கனமான படைப்பு பிடிக்காது என்பது விநியோகஸ்தர்களின் கட்டுக்கதை.

தமிழர்களின் கதை இதிலும் இரண்டாகப் பிளந்தே கிடக்கிறது. 1952இல் உருவான சண்முகானந்த சபாவின் பேரரங்கம் தாராவிக்கு வெகு அருகில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தொலைவு கிலோமீட்டரால் அளக்கப்படுவதில்லை, சாதியால் அளக்கப்படுகிறது. தமிழ்த் திரையுலகமோ ‘காலா’ படத்துக்காகத் தாராவியைச் சென்னையில் செட் போட்டுக் கட்டியது!

தாராவிக்குள் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ‘ஸ்நேஹா’ அமைப்பு அங்கே மூன்று வாரக் கலைவிழா நடத்தியது. உடல்நலமும் கழிவு மறுபயன்பாடும் கலைப்பொருளாயின. 2016இல் அங்குள்ள கைவினைஞர்களின் பொருட்களைக் காட்சிப்படுத்தும் நடமாடும் வடிவமைப்பு அருங்காட்சியகம் ஒன்று வண்டியில் உலா வந்தது. நல்ல முயற்சிகள்தான். எனினும் நன்கொடையில் நடக்கும் விழாவுக்கு ஆயுள் குறைவு. மக்களின் உடைமையாகும் கூரை ஒன்றை அது தராது.

இப்போது தாராவியே மாற்றி எழுதப்படுகிறது. 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் 2022 நவம்பரில் அதானி குழுமம் திட்டத்தைக் கைப்பற்றியது. கூட்டு நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு. மாநில அரசுக்கு 20. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோருக்கு மட்டுமே தாராவிக்குள் இலவசமாக 350 சதுர அடி வீடு, மற்றவர்கள் வெளியே. தாராவியின் ஒத்திகைக் கூடம் அதன் சந்துதான். அடுக்குமாடியில் சந்து கிடையாது. மின்தூக்கிக்கு முன்னே பறை அடிக்க எந்தக் குடியிருப்போர் சங்கமும் அனுமதிக்காது.

எவரையும் தகுதியற்றவர் என்று வெளியேற்றக் கூடாது, 500 சதுர அடி வீடு வேண்டும் என்று தாராவி பச்சாவ் ஆந்தோலன் போராடுகிறது. வீடும் தொழிலும்தான் முதற்கோரிக்கைகள். அவற்றைப் பின்னுக்குத் தள்ளி அரங்கம் கேட்பது அபத்தம். ஆனால் வரைபடம் முடிந்தபின் அரங்கத்துக்கு இடம் கேட்டால் கிடைக்காது என்பதை ஆலை நிலங்கள் ஏற்கெனவே காட்டிவிட்டன. மாநகராட்சியின் உடைமையாக, குறைந்த நிலையான வாடகையில், குடியிருப்போரும் கலைஞர்களும் சேர்ந்து நிர்வகிக்கும் சிறிய அரங்கங்கள் இப்போதே கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். நூறு பேர் அமரும் அறை போதும். 2012இல் தில்லி ஷாதி காம்பூரில் ஜன நாட்டிய மஞ்ச் தொடங்கிய ‘ஸ்டுடியோ சஃப்தர்’ சாதாரண மக்கள் வாழும் குடியிருப்புப் பகுதியில் ஒரு சிறிய அரங்கம் என்ன செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

அண்ணாபாவ் சாத்தேயின் பிறந்தநாள் ஆகஸ்ட் 1. தமிழகத்தின் முற்போக்குக் கலைக்குழுக்களும் மும்பையின் மராத்திக் குழுக்களும் அன்று லேபர் கேம்ப்பில் ஒன்றாக மேடையேறி, தாராவி மக்களிடம் இந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்துப் பெறலாம். அதற்கான தயாரிப்பைக் கட்சியின் பண்பாட்டு அரங்கங்கள் தள்ளிப்போட முடியாது.